ஜீனோ அப்படிப் பேசாது!

(தலைப்பு: ‘விஞ்ஞானக் கதையின் நகைச்சுவையை நாம் பெரிதும் ரசிப்பது ஏட்டிலா, வீட்டுத் திரையிலா, கொட்டகையிலா?’ இடம்: பூண்டி, கொடைக்கானல் மேல்மலை. ‘ஏட்டிலே!’ அணியில் இரண்டாவதாகப் பேசியவர், இவ்வூரில் பிறந்து மலைக்குக் கீழே ஆசிரியையாகப் பணிபுரிபவர்.)

அறுவடை முடிந்த கையோடு, பூண்டு வாசனை போகாத கைகளைத் தட்டி எங்களை வரவேற்ற என் சொந்த ஊர்ப் பெருமக்களே, நடுவர் ஐயா அவர்களே, எங்களிடம் தோற்பதற்காகவே மன்னவனூரும் கவுஞ்சியும் தாண்டி இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிற எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். (கைதட்டல்)

ஐயா, நான் எங்கே போய் ‘என் ஊர் பூண்டி’ என்று சொன்னாலும் ஒரு சங்கடம். சென்னையில சொன்னா, “ஏரி இருக்கே, அந்தப் பூண்டியா?” என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் சொன்னா, “மாதா கோயில் பூண்டியா?” என்பார்கள். இல்லீங்க, நான் பூண்டு விளையற பூண்டி என்றால், “பூண்டு விளையறதாலதான் பூண்டின்னு பேரா?” என்று கேட்பார்கள். பேருக்கும் பூண்டுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியாது. ஆனா கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. அதனால இப்போ நான் விளக்கம் சொல்றதில்லை. கையை நீட்டுறேன், மோந்து பாத்துக்குங்கன்னு விட்டுடறேன். (சிரிப்பு)

விஷயத்துக்கு வர்றேன். சின்னத்திரை அணித் தலைவர் ஒரு அடி அடித்தார். “புத்தகத்தைப் படிச்சா ஒருத்தர் சிரிக்கலாம், டி.வி.யில பாத்தா ஊரே சிரிக்கலாம்” என்றார். கைதட்டலும் வாங்கினார். கொட்டகை அணி சகோதரி, “ஆயிரம் பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு ஏட்டிலே கிடைக்குமா?” என்று கேட்டார். ஆக ரெண்டு பேரும் ஒண்ணை முடிவு பண்ணிட்டாங்க. படிக்கிறதுன்னா ஒரு மூலையில ஒத்தையா உட்கார்ந்து, உதட்டை அசைக்காமப் படிக்கிறதுதான் என்று. ஐயா, எங்க வீட்ல படிக்கிறது அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.

எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ என்று ஒரு தொடர்கதை எழுதினார். பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகளுக்காகச் சொல்றேன். இருபத்தோராம் நூற்றாண்டின் இருபதுகளில், அதாவது கிட்டத்தட்ட நாம இப்ப இருக்கிற இந்தக் காலத்தில், நடக்கிற கதை. நாட்டை ஜீவா என்று ஒருத்தர் ஆள்கிறார். அவர் வச்சதுதான் சட்டம். பேர் ரெண்டெழுத்துக்கு மேல இருக்கக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ... எல்லாம் அளவெடுத்து வெட்டின பேர். பிள்ளை பெத்துக்க அரசாங்கம் அனுமதி தரணும். நிலாவுக்கு அனுமதி கிடைச்ச சந்தோஷம் அடங்குறதுக்குள்ள, புருஷன் சிபி காணாமப் போறான். அந்த வீட்டுக்கு ரவின்னு ஒருத்தன் வந்து சேர்றான். அவன் கூட ஒரு நாய்க்குட்டி. அது உயிருள்ள நாய் இல்லை, இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், எசமானையே கிண்டல் பண்ணும். அதுதான் ஜீனோ.

இதை எழுதினவர் யார்? ரங்கராஜன் என்கிற பொறியாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை. நாம ஓட்டுப் போடுறோமே மின்னணு இயந்திரம், அது உருவானதில் பங்கெடுத்தவர். பகலில் ஓட்டுப் பெட்டி செய்தவர், ராத்திரியில் ஓட்டே இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை பண்ணியிருக்கார் பாருங்க! இது நம்ம தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை. ஆனா சொல்லாமல் இருக்க மனசு வரலை.

நான் அப்போ அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கிறேன். விகடன் கொடைக்கானல்ல இருந்து பஸ்ஸில் வரும். கண்டக்டர் அண்ணன் படிச்சு, டீக்கடை படிச்சு, வாத்தியார் வீடு படிச்சு, எங்க வீட்டுக்கு வர்றப்போ அடுத்த வாரம் ஆகியிருக்கும். அட்டையில டீ கறை இருக்கும். அதுவும் எத்தனை பேர் படிச்சிருக்காங்கன்னு கணக்குச் சொல்ற மாதிரி வட்டம் வட்டமா இருக்கும். (சிரிப்பு) எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பூண்டு உரிச்சிக்கிட்டே, “வாசிடி” என்பாள். நான் வாசிக்கணும். பக்கத்து வீட்டு மதினி வருவாங்க, உரக்கடைச் சித்தப்பா வருவாரு, அடுப்புச் சூட்டுக்கு ரெண்டு கோழி வரும். ஒருத்தர் படிச்சா ஒருத்தர்தான் சிரிக்கலாம்னு சொன்ன சின்னத்திரைத் தலைவர் அவர்களே, எங்க வீட்டு அடுப்பங்கரையில ஒரு விகடனுக்குப் பத்துப் பேர் சிரிச்சோம். கோழியைக் கணக்குல சேர்க்கலை! (பலத்த கைதட்டல்)

நடுவர்: கோழி சிரிச்சதாங்கம்மா?

ஐயா, இயந்திர நாய் பேசும்னு ஒத்துக்கிட்ட பிறகு, கோழி சிரிக்கிறதில் என்னங்கய்யா சந்தேகம்? (சிரிப்பு)

அந்தக் கதையில் ஒரு இடம் வரும். ஜீவாவோட நாட்டில் வயசானவங்களை வச்சுக்கிறதில்லை. இன்ன வயசுக்கு மேல ஒருத்தரும் இருக்கக் கூடாது, அரசாங்கமே முடிச்சுவிடும். நான் வாசிச்சிட்டேன். வாசிச்ச பிறகுதான் எதிரில் யார் உட்கார்ந்திருக்கான்னு நினைச்சுப் பாத்தேன். அப்பத்தா உரிக்கிறதை நிறுத்தலை. “எத்தனை வயசுன்னு போட்டிருக்கான்?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போ எங்க அப்பத்தா வயசைப் பத்திச் சொல்லியாகணும். ரேஷன் கார்டுல ஐம்பத்தெட்டு. முதியோர் உதவித்தொகை மனுவுல எழுபது. ரெண்டும் ஒரே வருஷம் எழுதினது, ஒரே ஆபீசுல குடுத்தது. (சிரிப்பு) பிறந்த தேதி எழுதி வைக்கிற வழக்கம் இல்லாத காலம். ‘பெருமழையில் ஓடை உடைஞ்ச வருஷம் எனக்குப் பல்லு விழுந்துச்சு’ என்பதுதான் அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ். ஜீவா கதை வாசிச்ச மறுநாள் காலையில என் அப்பத்தா அறிவிச்சா: “எனக்கு நாப்பத்தஞ்சு.” எங்க அப்பாவுக்கு அப்போ நாப்பத்து மூணு! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீங்க. நாங்களும் சிரிச்சோம். ஆனா அந்தச் சிரிப்புக்குள்ள ஒரு கிழவியோட பயம் இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது. மலையில வாழ்றவங்களுக்குத் தெரியும். உடம்புக்கு முடியலைன்னா கீழே தூக்கிட்டுப் போகணும். தூக்குறதுக்கு ஆள் வேணும், ரூபாய் வேணும். ‘இந்த வயசுல இதுக்கு இவ்வளவு செலவா’ன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க. சொல்லாத அந்தச் சொல்லு அவளுக்குக் காதுல விழுந்திருக்கு. ஜீவா அதைச் சட்டமாப் போட்டுட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நேரத்தில்தான் மழை பிடிச்சது. பாதையில மண்சரிவு. பஸ் இல்லை. பஸ் இல்லைன்னா மருந்து இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, விகடனும் இல்லை. ரெண்டு வாரம். அப்பத்தா தினமும் கேட்பா, “வந்துச்சாடி?” மூணாம் வாரம் பாதை திறந்து புஸ்தகம் வந்தப்போ, நடுவுல ஒரு வாரத்து இதழ் வரவேயில்லை. எங்கேயோ டீக்கடையில பஜ்ஜி மடிச்சிட்டாங்களோ என்னவோ.

நான் என்ன பண்ணினேன்? கோடு போட்ட நோட்டுல ஒரு அத்தியாயம் நானே எழுதினேன். எழுதி, ஒரு பழைய விகடனுக்குள்ள வச்சு, அதை வாசிக்கிற மாதிரி வாசிச்சேன். என் அத்தியாயத்துல ஜீனோ பூண்டிக்கே வந்துடுச்சு. வந்து ரவி காலைக் கட்டிக்கிட்டு, “எசமான், இந்த ஏழை நாயின் நன்றிக்கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்” என்று அழுதது. எனக்கே கண்ணுல தண்ணி. மதினி மூக்கைச் சிந்தினாங்க. அப்பத்தா உரிக்கிறதை நிறுத்தினா.

“நிறுத்துடி. ஜீனோ அப்படிப் பேசாது.”

நான், “புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு அப்பத்தா” என்றேன்.

“அது நீட்டிப் பேசாது. வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. அழுவாது. நாம அழுதாக்கூட ‘கண்ணுல என்ன கோளாறு’ன்னு கேக்கும். இது ஜீனோ இல்லை. இது நீயி.” (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! ஒரு எழுத்துக் கூடப் படிக்கத் தெரியாத கிழவி. ஜீனோ கறுப்பா சிவப்பான்னு கண்ணால பாத்ததில்லை. பின்னணி இசை இல்லை. இருந்தாலும் அது எப்படிப் பேசும், எந்த இடத்தில் நிறுத்தும், எதுக்குச் சிரிக்கவைக்கும்னு அவளுக்கு அத்துபடி. போலியைக் காதாலேயே பிடிச்சிட்டா. இதைச் செஞ்சது எது? ஏடு! எழுதினவர் கை! இதுக்கு எதிரணி என்ன பதில் சொல்லப் போறாங்கன்னு நான் ஆவலாக் காத்திருக்கேன்.

சரி, சின்னத்திரைக்கு வருவோம். ‘என் இனிய இயந்திரா’ பின்னாடி தூர்தர்ஷனில் தொடராக வந்தது. தலைவர் அதைத்தான் தூக்கிப் பிடிச்சார். நல்ல தொடர்னு நிறையப் பேர் சொல்றாங்க, நான் மறுக்கலை. மறுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன்னா நான் அதைப் பாக்கவே இல்லை. பாக்கலைன்னா, பெட்டி முன்னால உட்கார்ந்திருந்தேன், பாக்க முடியலை! தூர்தர்ஷன் கோபுரம் எங்கே இருக்கு? கொடைக்கானலில். அங்கே இருந்து மதுரைக்காரன் வீட்ல பளிச்சுன்னு தெரிஞ்சது. அதே மலையில இருக்கிற எங்களுக்கு? நடுவுல ஒரு முகடு. விளக்கடியில் இருட்டுன்னு சொல்வாங்க, எங்களுக்கு மலையடியில் புள்ளி! பஞ்சாயத்து டி.வி. முன்னால முப்பது பேர். ஒருத்தன் கூரை மேல ஆன்ட்டெனாவைத் திருப்புறான். “தெரியுதா?” “நிலா தெரியுது, நாயைக் காணோம்!” திருப்புறான். “இப்போ?” “நாய் தெரியுது, தலை இல்லை!” “அது நாயில்லடா, சோபா!” (நீண்ட சிரிப்பு)

இதுல ஒரு உண்மையைச் சொல்லணும். எங்க அணித் தலைவர் முறைக்கிறார், இருந்தாலும் சொல்றேன். அன்னிக்கு நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா எதுக்குச் சிரிச்சோம்? கூரை மேல நின்னவனைப் பாத்து! கதையில இருந்த சிரிப்பு மதுரையோட நின்னுபோச்சு.

அடுத்து கொட்டகை. 2010-இல் ‘எந்திரன்’ வந்தது. சுஜாதா 2008-லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் வசனத்தில் அவர் பெயர் இருக்கிறது. இது ஜீனோ கதை இல்லைதான். ஆனா ஜீனோவுக்கு ஒரு தம்பி பிறந்த மாதிரி சிட்டி பிறந்தது. நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தேன். கொட்டகை இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. கொட்டகை அணி சகோதரி உதாரணம் காட்டினாங்களே, அதையே எடுத்துக்குவோம். டி.வி.யைப் போடச் சொல்றாங்க. சிட்டி அதைத் தூக்கித் தரையில போடுது. எல்லாரும் சிரிக்கிறோம். நான் கேக்கிறேன், நீங்க சிரிச்சது உடைஞ்ச டி.வி.யைப் பாத்தா? வீட்ல பிள்ளை டி.வி.யை உடைச்சா சிரிப்பீங்களா? முதுகுல போடுவீங்க! (சிரிப்பு) இதோ பாருங்க, இங்கேயும் ‘போடு’! விளக்கைப் போடு, சாப்பாடு போடு, சண்டை போடு, நாடகம் போடு, கையெழுத்துப் போடு. இத்தனை வேலை பாக்குற ஒரே சொல்லு. மனுஷனுக்கு எந்தப் ‘போடு’ன்னு புரியும், இயந்திரத்துக்குப் புரியாது. அந்த நகைச்சுவை இருக்கிறது சொல்லில்! கோடிக் கணக்கில் செலவு பண்ணி, ஒரு ரெண்டெழுத்துக்காரரைத் தாளம் போட வச்சிருக்கீங்க. ‘போடு’ என்ற அந்த முதலாளி ஏட்டைச் சேர்ந்தவர்! (பலத்த கைதட்டல்)

நடுவர்: ‘போடு’ என்பது பேச்சில் வர்ற சொல்தானே அம்மா? ஏடு எங்கே வந்தது?

சரியான இடத்துல பிடிச்சீங்க ஐயா. இதுக்கு நான் லண்டன் வரைக்கும் போயிட்டு வரணும். விசா வாங்க நேரமில்லை, சீக்கிரம் வந்துடறேன். உலகத்திலேயே விஞ்ஞான நகைச்சுவைன்னா இங்கிலீஷ்காரன் முதல்ல சொல்றது டக்ளஸ் ஆடம்ஸ் எழுதின ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’. பூமி வழியா ஒரு விண்வெளி பைபாஸ் ரோடு போடணும்னு வேற்றுக்கிரகத்து ஆபீசருங்க பூமியையே இடிச்சுடறாங்க. நோட்டீஸ் ஏற்கெனவே ஒட்டியாச்சு, நீங்கதான் வந்து பாக்கலைம்பாங்க. எங்க ஊர்க்காரங்க இதைப் படிச்சா, கதைன்னே நம்பமாட்டாங்க. (சிரிப்பு) இந்தக் கதை 1979-இல் புத்தகம் ஆச்சு, 1981-இல் டி.வி. ஆச்சு, 2005-இல் சினிமா ஆச்சு. ஆனா முதல்ல பிறந்தது எங்கே? 1978-இல் பி.பி.சி. ரேடியோவுல! படமே இல்லை. அண்ட சராசரத்தையும் காதுக்குள்ளேயே காட்டினாங்க. எப்பவும் சலிச்சுக்கிற ஒரு ரோபோ அதுல வருது, பேரு மார்வின். அது குரலாத்தான் முதல்ல ஜனங்களுக்கு அறிமுகம்.

உடனே எதிரணி எழுந்திருப்பீங்க. “அது ரேடியோ ஆச்சே, ஏடு இல்லையே!” ஐயா, எங்க வீட்ல ஏடுதான் ரேடியோ. நான்தான் ஸ்டேஷன். அப்பத்தாதான் நேயர். பேட்டரி செலவு கிடையாது, ஒரு கருப்பட்டிக் காப்பி போதும். (சிரிப்பு) எழுத்தை வாய் சொல்லணும், காது வாங்கணும். நான் எந்த ஏட்டுக்காகப் பேசுறேன்னா, அந்த ஏட்டுக்காக.

இன்னொண்ணு. அந்தக் கதையோட முடிச்சை அவிழ்க்கிறேன், படிக்காதவங்க காதைப் பொத்திக்குங்க. அத்தனை பேரையும் ஆட்டிவச்ச ஜீவா யார்? ஆளே இல்லை! ஒளியால செஞ்ச பிம்பம். ஹோலோகிராம். பின்னால வேறு ஆளுங்க இருந்து ஆட்டியிருக்காங்க. ‘திரையில தெரியற உருவத்தை நம்பிடாதீங்கய்யா’ன்னு கதை முழுக்கச் சொல்ற கதையை, திரையில பாத்தாத்தான் நல்லா இருக்கும்னு ரெண்டு அணி வந்து வாதாடுது! எனக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை தெரியலை. (கைதட்டல்)

அந்த அத்தியாயத்தை நான் வாசிச்சப்போ அப்பத்தா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், “ஆக, என் வயசைக் கேக்க அங்கே ஆளே இல்லை!” என்றாள். அதோட சிரிச்சாள் பாருங்க, பொக்கை வாயைத் திறந்து, பூண்டுத் தோலெல்லாம் மடியில இருந்து பறக்க! ஆறு மாசமா அடக்கி வச்ச சிரிப்பு அது. மறுநாளே வயசை எழுபதுக்கு ஏத்திக்கிட்டா.

நடுவர்: அப்போ உண்மையில எத்தனை வயசும்மா?

ஜீவாவாலேயே கண்டுபிடிக்க முடியலை. உங்களால முடியுமாங்கய்யா? (சிரிப்பு)

அந்தப் பனிக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. கீழே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்பா கணக்குப் பாக்கலை. பூண்டு விதைக்கு வச்சிருந்த ரூபாயை அப்படியே எடுத்துக்கிட்டார். சீட்டு எழுதுற இடத்தில் “வயசு?” என்று கேட்டாங்க. அப்பத்தா என்னைப் பாத்தா. “எழுதத் தெரிஞ்ச பிள்ளை நீதானே. எத்தனை போட்டா விட்டுடுவாங்க?” என்றாள். கண்ணுல சிரிப்பு இருந்தது. நான் நாப்பத்தஞ்சுன்னு சொன்னேன். எழுதுறவர் நிமிர்ந்து பாத்தார், ஒண்ணும் சொல்லாம ஏதோ எழுதிக்கிட்டார். எட்டு நாள் இருந்தா.

அப்புறம் ஜீனோ மறுபடி வந்தது. ‘மீண்டும் ஜீனோ’ன்னு அடுத்த கதை. முதல் வாரத்தை நான் அதே அடுப்பங்கரையில உட்கார்ந்து படிச்சேன். ஒரு இடத்துல ஜீனோ சொன்னதுக்குச் சிரிச்சிட்டு, பக்கத்துல திரும்பினேன். மனை காலியா இருந்தது. மிச்சத்தை வாய்விட்டுப் படிக்கலை. அதே எழுத்துத்தான், அதே ஜீனோதான். மனசுக்குள்ள படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரலை. எதிரணி நண்பர்களே, பேனா இருந்தா குறிச்சுக்குங்க, உங்களுக்கு நான் தர்ற ஒரே பாயிண்ட் இதுதான். ஒத்தையாப் படிக்கிற ஏடு தோத்துப் போகும். நான் மறைக்கலை.

மணி அடிச்சுட்டாங்க, ஒரே நிமிஷம் ஐயா.

அந்தக் காலத்துல தொடர்கதையை வாரா வாரம் கிழிச்சுச் சேர்த்து, அட்டை போட்டு பைண்டு பண்ணி வைப்போம். இதோ, கையில இருக்கே, இதுதான் எங்க வீட்டு ‘என் இனிய இயந்திரா’. டீ வட்டம் இருக்கு, எண்ணிக்குங்க. நடுவுல பாருங்க, விகடன் தாள் நின்னு, கோடு போட்ட நோட்டுத் தாள் நாலு வருது. நான் எழுதின போலி அத்தியாயம். கிழிச்சுப் போடப் போனேன், அப்பத்தா விடலை. “வச்சுத் தைக்கச் சொல்லு. ஜீனோ இல்லைன்னாலும் நம்ம வீட்டு நாய்தானே” என்றாள்.

நடுவர் அவர்களிடமே தர்றேன். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால அந்த நாலு பக்கத்தையும் வாய்விட்டு வாசிச்சுப் பாருங்க ஐயா. தீர்ப்பு முடிஞ்சதும் மறக்காமத் திருப்பிக் குடுத்துடணும். வணக்கம். (நீண்ட கைதட்டல்)